கைப்பெட்டிக்குள் ஒரு கச்சேரி

வீணை, வயலின், மிருதங்கம் என எந்த இசைக்கருவியை எடுத்துக்கொண்டாலும் அதற்கென்று ஒரு குரல் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இன்ன கருவி என்று சொல்லிவிடலாம். ஆனால் தனக்கென ஒரு குரலே இல்லாத இசைக்கருவி ஒன்றும் உண்டு. அதுதான் சாம்ப்ளர் எனப்படும் ஒலிமாதிரிக் கருவி. நாம் கொடுக்கும் ஒலியை அது வாங்கி வைத்துக்கொள்ளும். பொத்தானைத் தட்டும்போது திருப்பிக் கொடுக்கும். இப்படிப்பட்ட ஒரே ஒரு பெட்டியுடன் மேடையேறி, வேறு பக்கவாத்தியம் எதுவுமின்றி முழுக் கச்சேரி நடத்துகின்ற கலைஞர்கள் இருக்கிறார்கள். இது எவ்வாறு இயலும்? இதன் வரலாறு என்ன?

பாரிசில் ஒரு தொடக்கம்

1948-ஆம் ஆண்டு. பிரெஞ்சு வானொலியில் பணியாற்றிய பொறியாளர் பியர் ஷேபர், பாரிசின் பத்திஞோல் ரயில் நிலையத்துக்குச் சென்று, ரயில் எஞ்சின்களின் ஊதலையும் சக்கரங்களின் ஓசையையும் பதிவு செய்தார். சாதாரண இசைத்தட்டில் முள் சுருள்வழியாக உள்நோக்கிச் செல்லும் என்பதை நாம் அறிவோம். ஷேபர் தட்டின் வரிப்பள்ளத்தை வட்டமாக மூடிவிட்டார். முள் அதே வட்டத்திலேயே சுற்ற, ஒரே ஓசை மீண்டும் மீண்டும் ஒலித்தது. இரைச்சல் தாளமாயிற்று. இத்தகைய ஒலித் துண்டுகளைக் கோத்து அவர் அமைத்த இசை அவ்வாண்டு அக்டோபர் 5-ஆம் நாள் வானொலியில் ஒலிபரப்பாயிற்று.

இசைத்தட்டுக்குப் பின் காந்த நாடா வந்தது. 1963-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் உருவான மெல்லோட்ரான் என்னும் கருவியில், ஒவ்வொரு கட்டையின் கீழும் ஒரு நாடாத் துண்டு இருந்தது. கட்டையை அழுத்தினால் அதில் பதிவாகியிருந்த புல்லாங்குழலோ வயலினோ ஒலிக்கும். ஆனால் நாடாவின் நீளம் சுமார் 8 வினாடிதான்; அது முடிந்ததும் ஒலி நின்றுவிடும்.

ஒலி எண்ணாகிறது

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நம் பழமொழி. ஒலிக்கு ஒரு சோறு போதாது. ஒலி அலையின் உயரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்ள வேண்டும். ஓர் ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட தடவைகள் அளந்தால், அந்த எண்களிலிருந்து மூல அலையைத் திரும்பப் பெறலாம் என்பது கணித உண்மை. நம் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஆகையால்தான் குறுந்தகட்டில் வினாடிக்கு 44,100 முறை அளக்கிறார்கள்.

எண்ணை வைத்துக்கொள்ள நினைவகம் வேண்டும். அக்காலத்தில் அது பொன்னைப் போல் அருமையான பொருள். 1979-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பீட்டர் வோகல், கிம் ரைரி என்னும் இருவர் உருவாக்கிய பேர்லைட் கருவியே இவ்வழியில் புகழ்பெற்ற முதல் கருவி. அதன் விலை செல்வந்தர்களுக்கு மட்டுமே எட்டியது. 1981-இல் அமெரிக்காவின் ஈ-மியூ நிறுவனம் எமுலேட்டர் என்னும் சற்று எளிய கருவியைக் கொண்டுவந்தது. அதுவும் சாமானியரின் கைக்கு எட்டவில்லை.

பத்து வினாடிச் செல்வம்

1987-இல் அதே நிறுவனம் எஸ்.பி.-1200 என்னும் பெட்டியை வெளியிட்டது. வினாடிக்கு 26,040 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 12 பிட்டுகளில் பதிவு செய்யும். மொத்தம் 10 வினாடி ஒலிக்கே இடம். ஹிப்-ஹாப் இசைஞர்கள் இதற்கு ஓர் உபாயம் கண்டார்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடவேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் ஓடவிட்டுப் பதிவு செய்தார்கள். பிறகு கருவிக்குள் வேகத்தைக் குறைத்து இயல்பான சுருதிக்குக் கொண்டுவந்தார்கள்.

கணக்கைப் பாருங்கள். 45-ஐ 33⅓-ஆல் வகுத்தால் 1.35. எனவே 10 வினாடி இடத்தில் பதின்மூன்றரை வினாடி இசை அடங்கியது. இலவசமாக அல்ல! அளவுகளும் அதே விகிதத்தில் பரவலாகிவிடுவதால், 13,000 ஹெர்ட்ஸ் வரை பதிவாகக்கூடிய ஒலி 9,600 ஹெர்ட்ஸ் அளவிலேயே தெளிவை இழந்தது. அந்தக் கரகரப்பைக் குறை என்று யாரும் ஒதுக்கவில்லை. அதுவே அக்கால இசையின் சுவையாயிற்று.

விரல்களுக்கு ஒரு களம்

கருவியை ‘வாசிக்கும்’ வசதி 1988-இல் வந்தது. ரோஜர் லின் வடிவமைத்து, ஜப்பானின் அக்காய் நிறுவனம் தயாரித்த எம்.பி.சி.-60-இல் நான்குக்கு நான்காகப் பதினாறு ரப்பர் பட்டைகள் இருந்தன. மெல்லத் தட்டினால் மெல்லொலி, வேகமாகத் தட்டினால் வல்லொலி. தட்டும் நேரம் பிசகினால் கருவியே திருத்தித் தரும். வேண்டுமானால் அடுத்தடுத்த தட்டுகளில் ஒன்றை மட்டும் சிறிது தாமதப்படுத்தித் தாளத்துக்கு ஓர் அசைவையும் தரும். டெட்ராய்ட் நகரின் ஜே டில்லா இத்திருத்தத்தை ஒதுக்கிவிட்டுத் தம் கைத்தாளத்தையே நம்பினார். 2006-இல் மறைந்த அவருடைய எம்.பி.சி.-3000 கருவி, வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டுத் தேசிய அருங்காட்சியகத்தில் இடம்பெற்றுள்ளது.

தொடக்கக் காலக் கருவிகளில் அடுத்த பாட்டுக்குரிய ஒலிகளைப் பிளாப்பி தட்டிலிருந்து ஏற்றும்வரை பொறுத்திருக்க வேண்டும். மேடையில் அது நீண்ட மௌனம். மின்ம நினைவட்டைகள் இத்தடையை நீக்கின. 2005-இல் வந்த எஸ்.பி.-404 என்னும் சிறு பெட்டியில் பன்னிரண்டு பட்டைகள், பத்து அடுக்குகள். ஆக 120 ஒலிகள் ஒரு தட்டில் எழும். லாஸ் ஏஞ்சலிஸில் 2006 முதல் 2018 வரை வாரந்தோறும் நடைபெற்ற ‘லோ எண்ட் தியரி’ இசை இரவுகளில் இத்தகைய பெட்டிகள் மேடையேறின.

ஒற்றைப் பெட்டிக் கலைஞரின் உத்தி எளிது, பழக்கம் கடினம். ஒரு பாட்டு ஓடும்போதே அடுத்ததன் முதல் ஒலியை மனத்தில் எண்ணி வைத்திருக்க வேண்டும். முடியும் பாட்டின் கடைசித் துண்டை எதிரொலியில் கரையவிட்டு, அம்மறைவிலே புதிய தாளத்தைத் தொடங்க வேண்டும். இக்கருவியில் ஒரு வேளைக்கு ஒரு விளைவே இயங்கும். இரண்டு வேண்டுமென்றால், முதல் விளைவோடு கூடிய ஒலியை வேறொரு பட்டையில் மறுபதிவு செய்து, அதன்மேல் இரண்டாவதைப் பூச வேண்டும். எந்தப் பட்டையில் எது என்பது விரலுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

குரல் யாருடையது?

இனி ஒரு கேள்வி எஞ்சுகிறது. தனக்கெனக் குரலில்லாத கருவி பேசும்போது பேசுவது யார்? 1969-இல் ‘தி வின்ஸ்டன்ஸ்’ என்னும் அமெரிக்கக் குழு ‘ஆமென், பிரதர்’ என்ற பாட்டைப் பதிவு செய்தது. அதில் கிரகரி கோல்மன் சுமார் 7 வினாடி தனியாக டிரம்ஸ் வாசித்தார். சாம்ப்ளர் பரவியபின் அந்த 7 வினாடி ஆயிரக்கணக்கான பாடல்களில் புகுந்தது. அதை அடித்தளமாகக் கொண்டு புதிய இசை வகைகளே பிறந்தன. கோல்மனோ உரிமைத்தொகை எதுவும் பெறாமல் 2006-இல் இறந்தார். 2015-இல் இசை அன்பர்கள் திரட்டிய சுமார் 24,000 பவுன், குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் அளிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1991-இல், அனுமதியின்றிப் பிறர் இசையை எடுத்தாண்டது குற்றமே என்று நியூயார்க் நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்திருந்தது.

ஷேபரின் ரயில்கள் உரிமை கேட்கவில்லை. மனிதர் வாசித்த இசைக்கு உழைப்பு உண்டு. உழைப்புக்குப் பெயரும் ஊதியமும் உண்டு. பத்து வினாடி இடத்தில் பதின்மூன்றரை வினாடியை அடக்கிய மதிநுட்பம் போற்றத்தக்கது. அந்த வினாடிகளுக்கு உரியவரை மறவாதிருப்பதும் அதே அளவுக்கு வேண்டற்பாலது.