மன்றோவின் தோட்டமும் ஆயாவின் பொழக்கடையும்

போன சித்திரையில் ஒரு நாள் மேஸ்திரி வந்து எங்கள் வீட்டுப் பின்பக்கத்தை அளந்தார். இருபதுக்கு முப்பது அடி. "மொத்தமும் கான்கிரீட் போட்டுடலாம் சார். ரெண்டே நாள் வேலை. பாம்பு, கொசு, களை எந்தத் தொல்லையும் இல்ல" என்றார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. நானும் மனைவியும் காலை ஏழரைக்குக் கிளம்பினால் திரும்ப இரவு ஆகிவிடும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பிறகு டியூஷன். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவே போதவில்லை. அந்தப் பின்பக்கத்தை இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டவர் அம்மா. இப்போது அவருக்கு முழங்கால் வலி, குனிய முடியவில்லை.

அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. "ஆடி வரட்டும்பா" என்று மட்டும் சொன்னார்.

ஆடி வருவதற்குள் எனக்கு ஒரு கேள்வி வந்தது. கோயிலுக்கு வரலாறு இருக்கிறது, கோட்டைக்கு இருக்கிறது. வீட்டுப் பின்னால் இருக்கும் இந்த இருபதுக்கு முப்பதுக்கு ஏதாவது வரலாறு இருக்கிறதா? தேடிப் பார்த்ததில் கிடைத்தவற்றை இங்கே குறித்து வைக்கிறேன்.

தருமபுரியில் தோட்டம் என்று தேடினால் முதலில் அகப்படுபவர் ஒரு வெள்ளைக்காரர், தாமஸ் மன்றோ. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் கும்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். நிர்வாகத்துக்கு கேப்டன் அலெக்சாண்டர் ரீடு வந்தார். அவருக்கு உதவியாளர்களாக வந்த ராணுவ அதிகாரிகளில் ஒருவர் மன்றோ. அப்போது அவருக்கு வயது 31. அடுத்த ஏழு வருஷம், 1799 வரை, இந்தப் பகுதியில்தான் இருந்தார். நிலத்தை அளப்பது, தீர்வை கட்டுவது, ஊர் ஊராகப் போய் குடியானவர்களிடம் பேசுவது, இதுதான் வேலை. பின்னாளில் சென்னை மாகாணம் முழுக்கப் பரவிய ரயத்துவாரி முறைக்கு விதை இங்கே விழுந்தது.

அவ்வளவு வேலைக்கு நடுவில் அவர் தருமபுரியில் ஒரு தோட்டம் போட்டார். 1799இல் கன்னடப் பகுதிக்கு மாற்றலாகிப் போனபோது தன் சகோதரிக்குக் கடிதம் எழுதுகிறார். தருமபுரியில் இருந்த நாளெல்லாம் தினமும் ஒரு மணி நேரமாவது தோட்டத்தில் கழித்ததாகவும், அதை விட்டுப் பிரிவது பழைய நண்பர்களை விட்டுப் பிரிவதுபோல மனதை வருத்துவதாகவும் சொல்கிறார். இந்தக் கடிதங்கள் 1830இல் கிளைக் என்பவர் எழுதிய மன்றோவின் வாழ்க்கை வரலாற்றில் அச்சேறின. 1820இல் அதே மன்றோ சென்னை மாகாணத்தின் கவர்னர் ஆனார். 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார்.

படித்ததும் எனக்கு முதலில் வந்தது வெட்கம். ஒரு ஜில்லாவையே அளந்துகொண்டிருந்த ஆளுக்கு ஒரு மணி நேரம் கிடைத்திருக்கிறது. எனக்குக் கிடைக்கவில்லையா? இரண்டாவது யோசனை கொஞ்சம் நிதானமாக வந்தது. அந்தக் காலத்துத் தண்ணீர் என்றால் கிணற்றில் இருந்து ஏற்றமோ கவலையோ வைத்து இறைத்த தண்ணீர். துரை கையால் இறைத்திருக்க மாட்டார். அவருக்குத் தோட்டம் என்பது மாலை உலாவும் இடம். எங்கள் ஆயாவுக்கு அது மறுநாள் குழம்பு.

ஆயாவின் பொழக்கடை ஏன் எந்த ஏட்டிலும் இல்லை என்பதற்கும் மன்றோவின் வேலையிலேயே பதில் இருக்கிறது. அரசாங்கக் கணக்கு என்பது தீர்வைக் கணக்கு. நஞ்சை, புஞ்சை, தோட்டக்கால் என்று பிரித்துத் தீர்வை கட்டினார்கள். பின்னாளில் நிலைத்த ரயத்துவாரி நடைமுறையில் வீடு கட்டிக் குடியிருக்கும் இடம் கிராம நத்தம், அதற்குத் தீர்வை கிடையாது. தீர்வை இல்லாததால் கணக்கப்பிள்ளைக்கு அங்கே என்ன விளைகிறது என்று எழுதவேண்டிய அவசியமும் இல்லை. வரி இல்லாதது நல்ல விஷயம்தான். ஆனால் வரலாற்றுக்காரனுக்கு அது ஒரு இருட்டு மூலை.

அப்படியென்றால் வேறு எங்கே தேடுவது? எனக்குத் தெரிந்து மூன்று இடம் இருக்கிறது: சொல், செடி, மாதம்.

சொல்லில் ஆரம்பிப்போம். தஞ்சாவூர்ப் பக்கம் 'கொல்லை' என்றால் வீட்டின் பின்பக்கம். எங்கள் ஊரில் "கொல்லைக்குப் போறேன்" என்றால் மானாவாரி நிலத்துக்குப் போகிறார் என்று அர்த்தம். சங்க இலக்கியத்தில் கொல்லை முல்லை நிலத்துப் புன்செய்க் காடு. அந்தப் பழைய பொருளை இந்த வறண்ட மண் இன்னும் விடாமல் வைத்திருக்கிறது. வீட்டின் பின்பக்கத்துக்கு எங்களுக்குப் 'புழக்கடை', பேச்சில் பொழக்கடை. சங்க நூல்களில் வீட்டையும் ஊரையும் ஒட்டிய தோட்டத்துக்குப் 'படப்பை' என்ற சொல்லும் உண்டு. புறநானூற்றில் பாரி இறந்தபின் அவன் மகளிர் இருந்த சிறுவீட்டைக் கபிலர் காட்டுகிறார். அங்கே சுரையும் பீர்க்கும் படர்ந்திருக்கின்றன. அந்தப் பெண்கள் குப்பைமேட்டில் ஏறி நின்று போகிற உப்பு வண்டிகளை எண்ணுகிறார்கள். பறம்பு மலையை இழந்தவர்களின் ஏழ்மைக்கு அடையாளமாகக் கபிலர் வைத்த காட்சி அது. எங்கள் பொழக்கடையிலும் எருக்குழி ஓரத்தில்தான் சுரை ஏறும். குப்பை இருக்கும் இடத்தில் கொடி தானாகவே வரும்.

அடுத்தது செடி. ஒரு பொழக்கடையைக் கூர்ந்து பார்த்தால் பல நூற்றாண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அவரை, கத்திரி, புடலை, சுரை, பீர்க்கு, முருங்கை, கறிவேப்பிலை ஆகியவை பழையவை. மிளகாய், தக்காளி, கொய்யா, பப்பாளி, சீத்தாப்பழம் எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். போர்த்துகீசியர் வந்தபிறகு, 16ஆம் நூற்றாண்டு தொடங்கித்தான் இந்தப் பக்கம் பரவின. இன்றைக்குப் பாலக்கோடு தக்காளிச் சந்தை ஊருக்கே பேர் வாங்கிக் கொடுத்திருக்கிறது. ஆனால் அதியமானுக்குத் தக்காளி ரசம் தெரியாது. அவன் காலத்தில் காரத்துக்கு மிளகுதான். அதியமானின் முன்னோர் கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்ததாகப் புறநானூற்றில் ஔவையார் பாடியிருக்கிறார். தகடூர் மண்ணுக்கு வெளியூர்ச் செடியை வரவேற்கும் வழக்கம் பழையது என்று எடுத்துக்கொள்ளலாம். ஔவைக்கு அவன் கொடுத்த நெல்லிக்கனி கதையைச் சொல்லாமல் தருமபுரிக்காரன் கட்டுரையை முடிக்கமாட்டான். அதற்கு வேறு காரணத்துக்காகப் பிறகு வருகிறேன்.

மூன்றாவது மாதம். தருமபுரியில் ஆண்டு மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். தென்மேற்கும் கொஞ்சம் கொடுக்கும், வடகிழக்கும் கொஞ்சம் கொடுக்கும். ரெண்டையும் நம்ப முடியாது. இதற்குள் ஆயா வைத்திருந்த கணக்கு இது. சித்திரையில் கோடை மழை விழுந்ததும் மண்ணைக் கொத்திப் போட்டுவிட வேண்டும், வெயில் பூச்சிமுட்டையைப் பார்த்துக்கொள்ளும். ஆடியில் அவரை, பீர்க்கு, சுரை, பாகல், பூசணி. புரட்டாசி, ஐப்பசியில் களை எடுப்பதுதான் வேலை. கார்த்திகையில் அவரை பூக்கும், கூடவே அசுவினி வரும், காலையில் பனி ஈரம் காய்வதற்குள் அடுப்புச் சாம்பலைத் தூவ வேண்டும். தையில் கத்திரி, வெண்டை, மிளகாய். பங்குனியில் கீரை மட்டும், அதுவும் சலதாரைத் தண்ணீர் ஓடும் அளவுக்கு.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதைச் சின்ன வயதில் மழைக்காகச் சொன்னது என்றுதான் நினைத்திருந்தேன். அவரையைப் பொறுத்தவரை இன்னொரு காரணமும் இருக்கிறது. நாட்டுக் கொடியவரை, பகல் நீளம் குறையக் குறையப் பூக்கும் இனம். ஆடியில் போட்டால் பந்தல் முழுக்கப் படர நாலு மாதம் கிடைக்கும், பிறகு பனிக்காலத்தில் பூக்கும். ஐப்பசியில் போட்டால் முழங்கால் உயரத்திலேயே பூத்துவிடும். கொடி இருந்தால்தானே காய்? அம்மா மேஸ்திரியிடம் "ஆடி வரட்டும்" என்று சொன்னதில் இவ்வளவு இருந்திருக்கிறது.

தண்ணீரைப் பற்றியும் எழுத வேண்டும். இது பாறை நாடு. ஆழ்குழாய் போட்டு ஆழத்தில் இருந்து எடுக்கும் தண்ணீரில் பாறையிலிருந்து கரைந்த ஃபுளோரைடு இருக்கும். குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, ஒன்றரையைத் தாண்டக்கூடாது. அதைத் தாண்டிய தண்ணீரைப் பல ஊர்கள் தலைமுறையாகக் குடித்தன. என்னோடு படித்தவர்களில் எத்தனையோ பேருக்குப் பல்லில் பழுப்புக் கோடு. நாங்கள் அதை ஊர் அடையாளம் என்று கேலி செய்துகொண்டு வளர்ந்தோம். முற்றினால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் திறக்கப்பட்டது. அதன் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்ற நோக்கம் இருக்கிறது. ஃபுளோரைடு பாதிப்புக்கு முதல் மருந்து நல்ல தண்ணீர். அடுத்தபடியாகச் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் சி-யும் உள்ள சாப்பாட்டைச் சொல்கிறார்கள். அதாவது கீரை, முருங்கை இலை, நெல்லிக்காய். இதற்காகத்தான் நெல்லியைப் பிறகு சொல்கிறேன் என்றேன். அதியமானின் கனி ஆயுளை நீட்டியதோ இல்லையோ, பொழக்கடை முருங்கைக்கு இந்த ஊரில் ஒரு தனி வேலை இருக்கிறது.

அரசாங்கமே வீட்டுத் தோட்டத்தைக் கவனித்த காலமும் உண்டு. 1965இல் பாகிஸ்தானோடு போர், மழையும் பொய்த்தது, அமெரிக்கக் கோதுமையை எதிர்பார்த்திருந்த நிலை. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரம் ஒரு வேளைச் சாப்பாட்டை விடும்படியும், காலியாக இருக்கும் இடத்தில் பயிரிடும்படியும் கேட்டார். டெல்லியில் தன் வீட்டுப் புல்தரையையே உழுதார். அவருடைய பிறந்தநாளான அக்டோபர் 2ஆம் தேதி, அதே 1965இல்தான், சேலத்தில் இருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டம் ஆனது. தற்செயல்தான். ஆனாலும் உணவுப் பற்றாக்குறை வருஷத்தில் பிறந்த மாவட்டம் இது என்பது எனக்கு மறக்காது.

இதையெல்லாம் எழுதும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. பொழக்கடை எல்லோருக்கும் இருந்ததில்லை. ஊர்த்தெருவில் வீட்டுக்குப் பின்னால் இடமும் கிணறும் இருந்தன. காலனியில் வீட்டின் பின்சுவருக்கு அடுத்து இன்னொரு வீட்டின் முன்வாசல். மூன்று சென்ட் மனைப்பட்டா வாங்கவே பல வருஷம் நடந்தவர்கள் அவர்கள். அந்த இடத்திலும் கூரைமேல் சுரையை ஏற்றிவிட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஆயாவின் அவரைப் பந்தலை நான் பெருமையாகச் சொல்வதற்கு, முதலில் எங்களுக்கு அந்த இடம் இருந்தது என்பதும் ஒரு காரணம். அந்த இடத்தைத்தான் நான் சிமெண்டால் மூடப் பார்த்தேன்.

ஆடி வந்தது. மேஸ்திரிக்கு போன் போட்டு, வண்டி நிறுத்த இருபதுக்குப் பத்து அடி மட்டும் போதும் என்றேன். "மீதியை விட்டா மறுபடியும் புல்லுதான் சார் வளரும்" என்றார். வளரத்தான் செய்தது.

மன்றோவின் ஒரு மணி நேரம் எங்களுக்குக் கட்டாது. அதைப் பங்கு போட்டோம். காலையில் பல் துலக்கிக்கொண்டே பத்து நிமிஷம் நான் களை பிடுங்குகிறேன். பாத்திரம் கழுவும் தண்ணீரை வாழைக்கும் சேம்புக்கும் திருப்பிவிடும் வாய்க்காலை மனைவி சரி செய்தாள். பெரியவன் மாலையில் ரெண்டு குடம் ஊற்ற வேண்டும், பாதி நாள் மறந்துவிடுவான். சின்னவளுக்குப் பூச்சி பார்க்கும் வேலை, அதில் அவளுக்குச் சம்பளம் கேட்கும் அளவுக்கு ஆர்வம். பாம்பு பயத்துக்கு, செங்கல் குவியலையும் பழைய ஓட்டையும் அப்புறப்படுத்திவிட்டோம். எலியும் பாம்பும் தங்குவது செடியில் இல்லை, அடைசலில்தான். தேங்கிய தண்ணீரை வாரம் ஒருமுறை கவிழ்த்துவிட்டால் கொசுவும் பாதி குறைகிறது.

அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்வார். நாங்கள் செய்வோம். விதைக்கிற அன்றைக்கு அவர் பழைய பால்பவுடர் டப்பாவைக் கொண்டுவந்தார். உள்ளே சாம்பல், சாம்பலுக்குள் அவரை விதை. வருஷா வருஷம் முதல் காய்ப்பில் நல்ல நெற்றாகப் பார்த்துக் கொடியிலேயே காயவிட்டு எடுத்து வைப்பாராம். அவருக்கு அந்த விதை ஆயா கொடுத்தது. ஆயாவுக்கு அவர் பிறந்த வீட்டில் இருந்து வந்தது. "அதுக்கு முன்னாடி?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்? போடு, ஒரு குழிக்கு மூணு."

கார்த்திகையில் பூத்தது. அசுவினியும் வந்தது. எங்கள் வீட்டில் இப்போது விறகடுப்பு இல்லை. அதனால் சாம்பலுக்கு எதிர்த்த டீக்கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். தை பிறந்ததும் கத்திரி நாற்று விட வேண்டும். இந்த வருஷம் விதைக்கு நெற்று எடுத்து வைக்கும் வேலையை அம்மா என்னிடம் கொடுத்திருக்கிறார். டப்பாவின் மேல் ஒரு காகிதம் ஒட்டி, வருஷமும் யார் கொடுத்தது என்பதும் எழுதிவிட்டேன். எங்கள் பொழக்கடைக்கு எழுத்தில் உள்ள முதல் பதிவு அதுதான்.