வலைச்செயலிகளின் மைய நிர்வாகம்

வலைச்செயலிகளின் மைய நிர்வாகம் என்பது, ஒரு நிறுவனத்தின் கணினி, டேப்லெட், கைபேசி ஆகியவற்றில் எந்தெந்த வலைச்செயலிகள் (உலாவி வழியே இயங்கும் செயலிகள்) இருக்க வேண்டும் என்பதை ஓரிடத்திலிருந்தே தீர்மானித்து, நிறுவி, திருத்தி, தேவை முடிந்ததும் அகற்றும் முறை. ஊழியர் எதையும் தேடிப் பதிவிறக்க வேண்டியதில்லை. காலை ஷிப்டுக்கு வந்து கணினியைத் திறந்தால் வேண்டிய ஐகான் அங்கே இருக்கும். பெரிய அலுவலகங்களுக்கென உருவான இம்முறை இப்போது பத்துப் பேர் வேலை செய்யும் லேத் பட்டறைக்கும் எட்டும் தொலைவுக்கு வந்துவிட்டது. கர்நாடக மாநில எல்லையில் அமைந்த ஓசூர் மூக்கண்டப்பள்ளி போன்ற தொழிற்பகுதிக்கு அதன் பயன் பெரிது.

குறுந்தகட்டுக் காலம்

தொடக்கத்தில் மென்பொருளை நிறுவுவது நடந்தே செய்யும் வேலையாக இருந்தது. ஐடி பிரிவின் ஆள் குறுந்தகட்டுடன் மேசை மேசையாகப் போவார். புதிய பதிப்பு வந்தால் மறுபடியும் அதே நடை. 1994-இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட சிஸ்டம்ஸ் மேனேஜ்மென்ட் சர்வர், வலையமைப்பு வழியாகவே மென்பொருளை அனுப்ப வழிசெய்தது. 2000-இல் விண்டோஸ் 2000-உடன் ஆக்டிவ் டைரக்டரியும் குரூப் பாலிசியும் வந்தன. நிர்வாகி ஒரு விதியை ஓரிடத்தில் எழுதினால், அந்த வலையமைப்பில் சேர்ந்த எல்லாக் கணினிகளும் அதற்குக் கட்டுப்பட்டன. இன்றைய முறைக்கு அடித்தளம் இந்தக் கருத்தே. ஆனால் அதற்குத் தனி சர்வரும் அதைப் பராமரிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். அதனால் அது பெரிய ஆலைகளின் வசதியாகவே நின்றது.

முகவரியே செயலியானது

2000-களில் நிறுவன மென்பொருள்கள் ஒவ்வொன்றாக உலாவிக்குள் குடிபுகுந்தன. ஆனால் பல, இன்டர்நெட் எக்ஸ்புளோரரிலும் அதன் ஆக்டிவ்எக்ஸ் துணுக்குகளிலும் மட்டுமே இயங்கின. அந்த உலாவியின் 11-ஆம் பதிப்புக்கு 2022 ஜூன் 15-இல் விடைகொடுத்த பின்னும், பழைய தளங்களுக்காக எட்ஜ் உலாவியில் தனி முறை ஒன்றை மைக்ரோசாப்ட் வைத்திருக்கிறது. ஒரே உலாவியை நம்பி எழுதப்பட்ட செயலி எத்தனை ஆண்டுகள் பின்தொடரும் என்பதற்கு இது சான்று.

2007 ஜூனில் ஐபோனுக்குச் செயலி எழுத விரும்பியவர்களிடம் ஸ்டீவ் ஜாப்ஸ், சஃபாரி உலாவியில் இயங்கும் வலைச்செயலிகளை எழுதச் சொன்னார். 2008 ஜனவரியில் ஒரு வலைப்பக்கத்தை முகப்புத் திரையில் ஐகானாக வைக்கும் ‘வெப் கிளிப்’ வந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஆப் ஸ்டோர் திறந்ததும் பொதுமக்கள் கவனம் அங்கே திரும்பியது. நிறுவனங்களுக்கோ வெப் கிளிப் பயனுள்ளதாகவே நீடித்தது. 2010-இல் ஐஓஎஸ் 4 சாதன மேலாண்மை வசதியுடன் வந்தபோது, அந்த ஐகானைத் தொலைவிலிருந்தே கைபேசிகளில் வைக்க முடிந்தது.

2011 ஜூனில் விற்பனைக்கு வந்த குரோம்புக், உலாவியையே கணினியாக்கியது. பள்ளிகளும் நிறுவனங்களும் அவற்றைக் கட்டுப்படுத்த, வலையிலேயே இயங்கும் நிர்வாகப் பலகையையும் கூகுள் தந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாப்ட்டின் இன்டியூன் சேவையும் தொடங்கியது. தனி சர்வர் வைக்காமலே நிர்வகிக்கும் காலம் இப்படிப் பிறந்தது.

பட்டியலின் காலம்

2015-இல் அலெக்ஸ் ரஸ்ஸலும் பிரான்சஸ் பெரிமனும் ‘புரோகிரெசிவ் வெப் ஆப்’ என்ற பெயரை முன்வைத்தனர். இணையம் அறுந்தாலும் ஓரளவு இயங்கும், தனிச் சாளரத்தில் திறக்கும், ஐகானும் பெயரும் கொண்ட வலைச்செயலியை அது குறித்தது. மூக்கண்டப்பள்ளிக்கு அண்டை நகரமான பெங்களூரிலிருந்தே அதன் புகழ்பெற்ற முதல் எடுத்துக்காட்டுகளில் ஒன்று வந்தது. தன் மொபைல் தளத்தை மூடிவிட்டுச் செயலியை மட்டுமே நம்பியிருந்த பிளிப்கார்ட், 2015 நவம்பரில் ‘பிளிப்கார்ட் லைட்’ மூலம் வலைக்குத் திரும்பியது.

அடுத்த சில ஆண்டுகளில் உலாவிகளே நிர்வாகிக்கு இடம்கொடுத்தன. 2018 மே மாதம் வெளியான பயர்பாக்ஸ் 60, நிறுவனக் கொள்கைகளை ஏற்றது. 2019-இல் குரோம், நிர்வாகி தரும் பட்டியலிலுள்ள வலைச்செயலிகளைத் தானே நிறுவிக்கொள்ளும் கொள்கையைப் பெற்றது. 2020 ஜனவரியில் குரோமியம் அடிப்படையில் மறுபிறவி எடுத்த எட்ஜும் அவ்வழியே வந்தது. குறுந்தகடாக இருந்த சரக்கு, ஒரு வரி முகவரியாகச் சுருங்கியது.

இயங்கும் முறை

நிர்வாகி எழுதுவது ஒரு சிறு பட்டியல். ஒவ்வொரு செயலிக்கும் முகவரி, அது தனிச் சாளரத்தில் திறக்க வேண்டுமா, டெஸ்க்டாப்பில் ஐகான் வேண்டுமா போன்ற குறிப்புகள் அதில் இருக்கும். விண்டோஸில் குரூப் பாலிசி அல்லது ரெஜிஸ்ட்ரி, லினக்ஸில் ஒரு கோப்பு, கைபேசியில் மேலாண்மைச் சேவை என்று சாதனத்துக்கேற்ற வழியில் பட்டியல் போய்ச் சேரும். உலாவி அதைப் படித்துச் செயலியை நிறுவும். இப்படி வந்த செயலியை ஊழியரால் அகற்ற முடியாது. பட்டியலிலிருந்து வரியை எடுத்தால் செயலியும் போய்விடும். இதோடு, எல்லாத் தளங்களையும் தடுத்துக் குறிப்பிட்ட சிலவற்றை மட்டும் அனுமதிக்கும் விதியைச் சேர்த்தால், ஆலையின் நுழைவாயிலிலுள்ள கணினி வேலைக்கான கருவியாக மட்டும் இருக்கும்.

செயலியின் நிரல் சர்வரில் இருப்பதால், அதைப் புதுப்பிப்பது பெரும்பாலும் அதை உருவாக்கியவரின் வேலை. பட்டறைக்கு மிஞ்சுவது முகவரி, உலாவியின் பதிப்பு, யார் உள்ளே நுழையலாம் என்ற மூன்றும்தான்.

தமிழ்நாட்டிலும் பெங்களூரிலும்

இத்துறைக் கருவிகள் இம்மண்ணிலும் உருவாகின்றன. 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009-இல் பெயர் மாறிய, தமிழ்நாட்டு நிறுவனமான ஜோஹோவின் மேனேஜ்என்ஜின் பிரிவு, சாதன மேலாண்மை மென்பொருள்களை உலகெங்கும் விற்கிறது. 2023-இல் அந்நிறுவனம் ‘உலா’ என்ற உலாவியையும் வெளியிட்டது. பெங்களூரில் 2009-இல் தொடங்கிய 42கியர்ஸ், அனுமதித்த தளங்களை மட்டும் காட்டும் ‘ஷ்யூர்பாக்ஸ்’ உலாவியை உருவாக்கியது. ஓசூரின் இருபுறமும் இந்த அறிவு இருக்கிறது. அது சிட்கோ தொழிற்பேட்டை ஷெட்டுகளுக்குள்ளும் நுழைய வேண்டும்.

எல்லைத் தொழிற்பகுதியில்

சிப்காட் தொழிற்பேட்டையின் முதல் கட்டமும் சிறுதொழிற்கூடங்களும் சூழ்ந்த மூக்கண்டப்பள்ளி, பெங்களூர் நெடுஞ்சாலையில் ஜூஜூவாடி எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கிறது. எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி. தொலைவு சில கிலோமீட்டர்தான் என்றாலும், சட்டத்தின் கண்ணில் அது மாநிலங்களுக்கு இடையிலான சரக்குப் போக்குவரத்து. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தது. 2018 ஏப்ரல் 1 முதல் மாநில எல்லை தாண்டும் ரூ. 50,000-க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் என்ற மின்னணுச் சீட்டு கட்டாயமானது. ஜாப் ஒர்க்குக்காக ஒரு மாநிலத்து நிறுவனம் மற்ற மாநிலத்துக்கு அனுப்பும் பொருளுக்கு மதிப்பு எவ்வளவானாலும் இ-வே பில் வேண்டும். துளையிடவோ முலாம் பூசவோ அத்திப்பள்ளிக்குப் போகும் ஒரு கூடை உதிரிபாகத்துக்கும் இதுவே விதி.

ஆகவே இ-வே பில் தளம் இங்கே கேட் பாஸ் போன்ற அன்றாடக் கருவி. அது திறக்காவிட்டால் வண்டி நகராது. ஸ்டோர்ஸ் ஊழியர் தேடுபொறியில் பெயரைத் தட்டி, கிடைத்த இணைப்பைத் திறந்து, நிறுவனத்தின் கடவுச்சொல்லைப் போலித் தளத்தில் கொடுத்துவிடும் ஆபத்தும் உண்டு. சரியான முகவரியை ஐகானாகப் பதித்துவைப்பதே அதற்கு எளிய காப்பு. இ-வே பில் தளத்தில் இரட்டைச் சரிபார்ப்பு 2025 ஜனவரி 1 முதல் ஆண்டு விற்றுமுதல் ரூ. 20 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கும், ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் கட்டாயமானது. முதலாளியின் கைபேசிக்கு ஒருமுறைக் கடவுச்சொல் போய், அவர் எடுக்காத நேரத்தில் லாரி காத்திருக்கக் கூடாது. அதற்காக ஒவ்வொரு ஷிப்டுக்கும் தனித்தனி துணைப் பயனர் கணக்கு வைத்துக்கொள்ள அத்தளமே இடம் தருகிறது.

ஓசூர்ப் பட்டறைகளுக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல. அளவு பார்க்கும் கேஜை அவரவர் கடையில் வாங்கிக்கொள்வதில்லை. டூல் ரூம் வழங்கும், சரிபார்க்கும், திரும்பப் பெறும். எந்தக் கேஜ் யாரிடம் என்று பதிவேடு சொல்லும். வலைச்செயலியையும் அந்தக் கண்ணோடு பார்ப்பதே மைய நிர்வாகம். பத்துக் கணினி உள்ள பட்டறை, மேலாண்மைச் சேவைக்குப் பணம் கட்டாமலே உலாவிக் கொள்கைக் கோப்பு ஒன்றை எழுதி இதைத் தொடங்கலாம்.

வரம்புகளும் ஊழியர் உரிமையும்

பட்டியல் தவறானால் எல்லாச் சாதனங்களும் ஒரே நேரத்தில் தவறும். எனவே முதலில் ஓரிரு கணினிகளில் சோதித்துப் பார்ப்பது இத்துறையின் அடிப்படைப் பாடம். இணையம் அறுந்தால் அரசுத் தளங்கள் இயங்கா. மாற்று இணைப்பு ஒன்று வேண்டும். நிர்வாகியின் கணக்கு திருடுபோனால் ஆலையின் எல்லாத் திரைகளும் திருடுபோனதாகவே பொருள்.

இன்னொரு எல்லையும் உண்டு. நிறுவனத்தின் டேப்லெட்டில் விதி எழுத நிறுவனத்துக்கு உரிமை இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளியின் சொந்தக் கைபேசியில் அவ்வாறில்லை. ஆண்ட்ராய்டில் 2014 முதல் உள்ள பணிப் பகுதி, அலுவலகச் செயலிகளையும் சொந்தப் படங்களையும் பிரித்துவைக்கிறது. 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஊழியரின் தரவைக் கையாள்வோருக்குப் பொறுப்பு சுமத்துகிறது. பட்டியலில் என்ன இருக்கிறது, நிர்வாகி எதைப் பார்க்க முடியும், வேலையை விட்டுப் போகும்போது என்ன அழிக்கப்படும் என்பவை தொழிலாளிக்குப் புரியும் மொழியில் எழுதி, பட்டறை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டியவை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் இந்தியும் ஒரே ஷிப்டில் ஒலிக்கும் மூக்கண்டப்பள்ளியில் அந்த அறிவிப்பு ஒரே மொழியில் இருந்தால் போதாது.