வாக்கர் எழுதிய கடிதம்

உங்கள் வீட்டுப் பிள்ளையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ அமெரிக்காவில் மேல்படிப்புக்கு அப்ளிகேஷன் போட்டிருந்தால், இந்த அவஸ்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பேராசிரியர்களிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கவேண்டும். ‘நீயே எழுதிட்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்’ என்பார் புரொபசர். பையனும் ‘கடின உழைப்பாளி, ஒழுக்கமானவன்’ என்று தனக்குத்தானே மாலை போட்டுக்கொள்வான். அங்கே படிக்கிறவர் மேஜையில் வந்து குவிகிற கடிதங்களில் பாதி இதே மாலைதான்!

1913-ல் சென்னையில் எழுதப்பட்ட ஒரு சிபாரிசுக் கடிதத்தைக் கொஞ்சம் பாருங்கள்.

ராமானுஜன் அப்போது மெட்ராஸ் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா. மாதம் 30 ரூபாய். (அது என்னைப்போன்ற பி.காம். ஆசாமிகள் போடுகிற கணக்கு. அவர் நோட்டில் போட்டது வேறு கணக்கு.) கும்பகோணத்திலும் சரி, சென்னை பச்சையப்பனிலும் சரி, எஃப்.ஏ. தேறவில்லை. டிகிரி இல்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்கப் பல்கலைக்கழக விதியில் இடமில்லை.

பிப்ரவரியில் சென்னைக்கு வந்தார் கில்பர்ட் வாக்கர். வானிலைத் துறையின் தலைவர். அதைவிட முக்கியம், 1889-ல் கேம்ப்ரிட்ஜ் கணிதத் தேர்வில் முதல் இடம் பிடித்தவர். துறைமுக சேர்மன் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், குமாஸ்தாவின் கணக்குகளை அவரிடம் காட்டினார். மறுநாளே, 26-ம் தேதி, பல்கலைக்கழகப் பதிவாளருக்குக் கடிதம் போய்விட்டது.

அதில் வாக்கர் என்ன எழுதினார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஆளை நான் பார்த்ததில்லை, வேலையைத்தான் பார்த்தேன் என்கிறார். சுயசிந்தனையில் கேம்ப்ரிட்ஜ் கல்லூரி ஃபெலோ ஒருவருக்கு ஈடாகத் தெரிகிறது. ஆனால் முழுமையும் துல்லியமும் போதவில்லை என்கிறார். இது என்னுடைய துறை இல்லை, சரியாக எடைபோட என்னால் முடியாது, ஐரோப்பியப் புகழே கிடைக்கக்கூடிய ஆளாகவும் இருக்கலாம் என்கிறார். கடைசியில், பிழைப்புக் கவலையில்லாமல் சில வருடம் கணிதமே செய்ய இவருக்கு வழிபண்ணலாம் என்று நேராகக் கேட்டுவிடுகிறார்.

கவனித்தீர்களா? தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர் பாராட்டினால், நமக்கு நம்பத் தோன்றுகிறது. உங்கள் பிள்ளையின் ப்ராஜெக்ட்டைப் பக்கம் பக்கமாகப் படித்துத் திருத்திய சின்ன லெக்சரர், பையன் முகமே ஞாபகமில்லாத துறைத்தலைவரைவிட ஆயிரம் மடங்கு மேல் என்பது என் கட்சி.

விதியைத் தள்ளிவைத்து, 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் கொடுத்தார்கள். 1914 ஜனவரியில் கேம்ப்ரிட்ஜிலிருந்து சொற்பொழிவாற்ற வந்த நெவில், ராமானுஜனோடு உட்கார்ந்து நோட்டுகளைப் பார்த்தார். பிறகு அதே பல்கலைக்கழகத்துக்கு அவரும் ஒரு கடிதம் எழுதினார். இவரை இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்த பெருமை நாளைக்கு உங்களுக்குத்தான் என்று நயமாக ஒரு வரியும் சேர்த்தார். பலித்தது! வருடத்துக்கு 250 பவுண்டு, கப்பல் செலவு தனி. மார்ச் 17-ம் தேதி கப்பல் ஏறினார்.

எஃப்.ஏ. தேறாத அதே ராமானுஜனுக்கு, 1916-ல் ஆராய்ச்சியைப் பார்த்தே பி.ஏ. பட்டம் கொடுத்தது கேம்ப்ரிட்ஜ்.