டொர்னாடோ: நகலா, ஐம்பதாவதா?



போன வாரம் நான் போட்டிருந்த பச்சை நிற நீராவி இன்ஜின் படத்துக்குக் கீழே, நம் பழைய மாணவர் ஒருவர் "இது டூப்ளிகேட்தானே சார்?" என்று கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் போட்டேன். பிறகு மனம் கேட்கவில்லை. அது வகுப்பறைக் கேள்வி, ஒரு வரியில் முடியாது.

அந்த இன்ஜினின் பெயர் டொர்னாடோ. எண் 60163. இங்கிலாந்தில் ஆர்தர் பெப்பர்கார்ன் என்ற தலைமை இயந்திரப் பொறியாளரின் வடிவமைப்பில், 1948, 1949 ஆண்டுகளில் 49 இன்ஜின்கள் கட்டினார்கள். ஏ1 வகை என்று பெயர். அடுத்து டீசல் வந்தது. 1966-க்குள் 49-ஐயும் உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். காட்சிக்குக்கூட ஒன்று மிஞ்சவில்லை. இருபது வருடம்கூட உழைக்காத இன்ஜின்கள்! நம் வீட்டு ஆட்டுக்கல் அதைவிட அதிக நாள் உழைத்திருக்கும்.

இன்ஜின் போனது, காகிதம் போகவில்லை. யார்க் நகரத் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் அதன் மூல வரைபடங்கள் பெரும்பாலும் பத்திரமாக இருந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாள்கள். சக்கரம், பிஸ்டன், வால்வு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அளவு போட்டு, யாரோ மேசையில் குனிந்து வரைந்தவை. அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் பெரிதாக வராது.

1990-ல் சில ஆர்வலர்கள் ஓர் அறக்கட்டளை தொடங்கி, "ஐம்பதாவதை நாம் கட்டுவோம்" என்றார்கள். அரசுப் பணத்தை நம்பி இறங்கவில்லை. வாரம் ஒரு கோப்பை பீரின் விலையைக் கொடுங்கள் என்று பொதுமக்களிடம் கேட்டார்கள். (மாணவர்களுக்கு நான் எடுத்துச் சொல்லும் உதாரணம் அல்ல இது. ஆனாலும் கணக்கு சரியாக வந்தது.) சுமார் 30 லட்சம் பவுண்டு செலவில், டார்லிங்டன் நகரத்தில் இன்ஜின் உருவானது.

வரைபடம் இருந்தால் போதுமா என்றால், போதாது. அந்தத் தாள்கள் 1948-ன் தொழிலாளிக்காக வரையப்பட்டவை. அவருக்குத் தெரிந்த விஷயத்தைத் தாளில் எழுத வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அதையெல்லாம் புதியவர்கள் தாங்களே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பழைய பாய்லர் ரிவெட் அடித்தது, அதன் நெருப்புப் பெட்டி செம்பு. புதியது முழுக்க வெல்டிங், நெருப்புப் பெட்டியும் எஃகு. அதை ஜெர்மனியின் மைனிங்கன் ஒர்க்‌ஷாப்பில் செய்து வாங்கினார்கள், ஏனென்றால் அங்கே நீராவி இன்ஜின் வேலை விட்டுப்போகவில்லை. இன்றைய பாதையின் அளவுக்காக இன்ஜினின் உயரத்தில் ஓர் அங்குலம் குறைத்தார்கள். 2008 ஜனவரியில் முதல் நெருப்பை மூட்டியவர் யார் தெரியுமா? பெப்பர்கார்னின் மனைவியாக இருந்த டோரத்தி அம்மையார். கணவர் இறந்து ஏறத்தாழ 57 ஆண்டுகள் கழித்து! இதை முதலில் படித்தபோது நான் கொஞ்ச நேரம் மேலே படிக்கவில்லை.

எல்லாம் சுகமாக நடந்துவிடவில்லை. 2011-ல் பாய்லரில் பழுது கண்டு, மறுபடியும் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில், 1869-ல் கிழக்கு மேற்கு ரயில் பாதைகள் சந்தித்த இடத்தில் எதிரெதிரே நின்ற இரண்டு இன்ஜின்கள் ஜூபிடர், 119. அவற்றையும் 1979-ல் புதிதாகச் செய்து நிறுத்தினார்கள். ஆனால் அவற்றின் மூல வரைபடங்கள் கிடைக்கவில்லை. பழைய புகைப்படங்களைப் பார்த்து அளவு கணக்கிட்டுப் புதிதாக வரைந்தார்கள். கருப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாதே! ஜூபிடருக்குச் சிவப்பு அடித்தார்கள். பிறகு 1869-ம் வருடச் செய்தித்தாள் குறிப்பு ஒன்று கிடைத்தது. அது நீல நிறமாம். மறுபடி பெயிண்ட் அடித்தார்கள்.

அதை நகல் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். டொர்னாடோவைச் சொல்லாதீர்கள். 49 இன்ஜின்கள் எந்தத் தாளைப் பார்த்துப் பிறந்தனவோ, அதே தாளைப் பார்த்துப் பிறந்தது அது. பழைய வரிசையின் கடைசி எண் 60162. இதற்கு அடுத்த எண்ணைத்தான் கொடுத்தார்கள். கடைசிப் பிள்ளை அறுபது வருடம் தாமதமாகப் பிறந்தது, அவ்வளவுதான். 2009 டிசம்பர் பனியில் மின்சார ரயில்கள் நின்றுபோனபோது, தவித்து நின்ற பயணிகளை ஏற்றிக்கொண்டு போய் வீடு சேர்த்ததும் இந்தப் பிள்ளைதான்.

நம் ஊர்ப் பக்கமும் ஒரு செய்தி உண்டு. நீலகிரி மலை ரயிலுக்கு, சுவிட்சர்லாந்தில் செய்த பழைய இன்ஜின்களின் வகையிலேயே, 2011 முதல் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் புதிய நீராவி இன்ஜின்கள் கட்டியிருக்கிறார்கள். அந்த வேலையின்போது வரைபடங்களைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் நம் மாணவர்களில் யாராவது இருந்தால், கீழே எழுதுங்கள். சுருக்கமாக வேண்டாம், விவரமாகவே எழுதுங்கள். எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.