திண்டிவனம் தொகுதியும் 1952 தேர்தலும்

செஞ்சிக் கோட்டையைப் பற்றிக் கேட்டால் நம்மூர்ப் பிள்ளைகள் தேசிங்கு ராஜா கதையைச் சொல்வார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு, 1750-ல் புஸ்ஸி என்ற தளபதி ஒரே இரவில் கோட்டையைப் பிடித்த கதைதான் முதலில் தெரியும். இரண்டு கதையிலும் கோட்டைக்குக் கீழே ஏர் ஓட்டியவனுக்கு இடமில்லை. அவன் கையில் ஓர் ஆயுதம் வந்தது 1952 ஜனவரியில், முதல் பொதுத்தேர்தலில்தான்.

அப்போது நாம் தென்னாற்காடு மாவட்டம். ஏரியையும் கிணற்றையும் நம்பி நெல்லும் மல்லாட்டையும் விளைவித்த பூமி. பல ஆண்டுகளாக மழை பொய்த்திருந்தது. உணவு தானியத்துக்குக் கட்டுப்பாடு, ரேஷன், நெல் கொள்முதல் என்று குடியானவன் நொந்து போயிருந்தான். சுதந்திரம் வாங்கித் தந்த கட்சி என்ற மரியாதை காங்கிரசுக்கு இருந்தது; ஆனால் எங்களுக்காகப் பேச அங்கே யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியும் இருந்தது. அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் எஸ்.எஸ். ராமசாமி படையாச்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி. வட மாவட்டங்களில் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சியும் அப்படியே. இரண்டுக்கும் அடித்தளம் வன்னியர் சமூகம். அவர்களில் பெரும்பாலோர் சிறு விவசாயிகளும் கூலிகளும்.

ஓட்டுப் போட்ட முறையை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். சீட்டில் முத்திரை குத்தும் வேலையே கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, அதன்மேல் அவர் சின்னம். விருப்பமான பெட்டியில் சீட்டைப் போட வேண்டியதுதான். திண்டிவனம் இரட்டை உறுப்பினர் தொகுதி. பொது இடம் ஒன்று, தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய இடம் ஒன்று. ஆகவே ஆளுக்கு இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒருவருக்கே போடக்கூடாது.

முடிவு வந்தபோது இரண்டு இடங்களையும் உழைப்பாளர் கட்சியே எடுத்துக்கொண்டது. ஒருவர் ஏ. ஜெயராமன். இன்னொருவர், குறள் சொல்லிச் சபையையே சிரிக்க வைப்பாரே, அந்தத் திருக்குறளார் வீ. முனிசாமிதான். ஆம், அவர் டெல்லிக்குப் போனது நம் தொகுதி ஓட்டில்!

சென்னை மாகாணம் முழுவதிலும் அந்தக் கட்சிக்குச் சட்டசபையில் 19 இடம், மக்களவையில் 4 இடம். 375 பேர் கொண்ட சட்டசபையில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152 மட்டுமே. பெரும்பான்மை இல்லை. ஆகவே சின்னக் கட்சிகளைத் தேடி ஆட்சியே வந்தது. ராஜாஜி மந்திரிசபையில் மாணிக்கவேலு நாயக்கர் சேர்ந்தார். 1954-ல் காமராஜர் முதல்வரானபோது படையாச்சியாரும் மந்திரியானார். அதோடு உழைப்பாளர் கட்சி கலைந்து காங்கிரசில் கரைந்தது.

இதை ஏமாற்று வேலை என்று சொல்வோர் உண்டு. காங்கிரசுக்கு எதிராக வாங்கிய ஓட்டைக் காங்கிரசிடமே கொடுத்துவிட்டார்கள் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எதிர் வரிசையில் 19 பேர் உட்கார்ந்து என்ன சாதித்திருக்க முடியும் என்று கேட்போரும் உண்டு. என் எண்ணம் வேறு. தலைவர்கள் எங்கே போனார்கள் என்பதைவிட, ஓட்டர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்பதே பெரிது.

கணக்கைப் பாருங்கள். இரட்டை முறை போய் ஒரே இடமான 1957-ல் இதே தொகுதி சுயேச்சையான சண்முக கவுண்டரை அனுப்பியது. 1962-ல் காங்கிரசின் வெங்கடசுப்பா ரெட்டியார். 1967-ல் தி.மு.க. கட்சிப் பெயரைப் பார்த்து மயங்கிய ஜனங்களா இவர்கள்? 1980-லும் 1984-லும் இதே திண்டிவனத்திலிருந்து டெல்லிக்குப் போனவர் யார் தெரியுமா? சாட்சாத் ராமசாமி படையாச்சியாரேதான், காங்கிரஸ் வேட்பாளராக! 1952-ல் எந்தக் கட்சியை எதிர்த்து ஆள் நிறுத்தினாரோ, அதே கட்சியின் பெயரில்.

1998-லும் 1999-லும் ம.தி.மு.க.வின் செஞ்சி ராமச்சந்திரன் வென்று மத்திய இணை அமைச்சராகவும் இருந்தார். 2004-ல் பா.ம.க. அதுவே கடைசி. தொகுதி மறுசீரமைப்பில் திண்டிவனம் என்ற மக்களவைத் தொகுதியே மறைந்து, 2009 முதல் நாம் ஆரணியோடு சேர்ந்துவிட்டோம். மாவட்டம் விழுப்புரம், எம்.பி. தொகுதி ஆரணி.

கட்சியும் இல்லை, தொகுதியும் இல்லை. 1952-ல் ஓட்டுப் போட 21 வயது ஆகியிருக்க வேண்டும். அப்படிப் போட்டவர்களுக்கு இப்போது தொண்ணூறைத் தாண்டியிருக்கும். உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால், எந்தப் பெட்டியில் போட்டீர்கள், ஏன் போட்டீர்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். யார் ஜெயித்தார் என்பது சர்க்கார் ஏட்டில் இருக்கிறது. ஏன் போட்டார்கள் என்பது அவர்கள் வாயில் மட்டும்தான் இருக்கிறது.