காய்ப்புழுவுக்கு நோக்கம் உண்டா? பரிணாமமும் படைத்தவன் நாட்டமும்

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் பரிணாமம் வருகிறது. எம்.ரெட்டியபட்டிப் பக்கம் பருத்தி போடும் ஒருவரின் மகள் கேட்டாள்: "ஹஜ்ரத், மனிதனை உண்டாக்கத்தான் இயற்கைத் தேர்வு நடந்ததா?"

பதில் அவள் தகப்பனார் காட்டிலேயே இருக்கிறது. பி.டி. பருத்திக்கு இந்தியாவில் 2002-இல் அனுமதி கிடைத்தது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணு அந்தச் செடியில் இருக்கிறது. அதனால் உண்டாகும் புரதம் காய்ப்புழுவின் குடலைச் சிதைக்கும். ஆனால் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்தப் புரதத்துக்கு அடங்கவில்லை என்று மான்சாண்டோ நிறுவனமே 2010-இல் அறிவித்தது. புழு "கற்றுக்கொண்டது" என்று நாம் பேசுகிறோம். அது சரியல்ல. நஞ்சைத் தாங்கும் மரபணு மாற்றம் தேவையைப் பார்த்து வருவதில்லை. அது தற்செயலாக அமைந்த சில புழுக்கள் பிழைத்தன, மற்றவை மடிந்தன, பிழைத்தவற்றின் குஞ்சுகள் பெருகின. மாற்றம் தேவைக்கு முன்பே தோன்றுகிறது என்பதை லூரியாவும் டெல்புரூக்கும் 1943-இல் பாக்டீரியாக்களை வைத்துக் காட்டினார்கள்.

திசையும் நிலையானதல்ல. பி.டி. இல்லாத செடியில், தாங்கும் புழுக்கள் பல நேரம் பின்தங்கிவிடுகின்றன. இருட்டுக் குகைகளில் வாழும் சில மீன்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்ணையே இழந்துவிட்டன. ஏறுவது மட்டுமல்ல, இழப்பதும் பரிணாமம்தான். ஆகவே, 'பரிணாமம் மனிதனை நோக்கி ஏறிவந்த ஏணி; அதுவே இறைத் திட்டத்துக்கு ஆதாரம்' என்று மேடையில் பேசுவதை நான் ஏற்கவில்லை. பலவீனமான ஆதாரம் ஈமானுக்குத் துணை அல்ல.

அதேபோல், 'இயற்கைத் தேர்வுக்கு நோக்கமில்லை, எனவே படைத்தவன் இல்லை' என்பதும் அறிவியல் அல்ல. நீராவி குளிர்ந்து மழையாகிறது என்று பாடம் சொல்கிறது. அந்தக் காரணத்தை ஒப்புக்கொண்டே, மழையை அல்லாஹ்வின் ரஹ்மத் என்கிறோம். காரணம் வேறு, ஹிக்மத் வேறு. ஆய்வுக்கூடம் முதலாவதைத்தான் அளக்கும். (ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் படைப்பு வஹீயால் அறியப்படுவது, அது தனிக் கட்டுரைக்கு உரியது.)

இந்தத் தேர்வை விவசாயி கொஞ்சம் தடுக்கவும் முடியும். அதற்காகத்தான் பி.டி. விதையோடு சாதாரணப் பருத்தி விதையும் தந்து, ஓரத்தில் ஊன்றச் சொன்னார்கள். அதில் வளரும் சாதாரண அந்துப்பூச்சிகள், தாங்கும் பூச்சிகளோடு இணைந்தால், குஞ்சுகளில் பெரும்பாலானவை பி.டி. செடியில் மடியும். நம்மில் பலர் அந்த விதையை ஊன்றாமலே விட்டோம்.