பொலாரத்துத் தோட்டமும் படிக்கிணறும்

ஆங்கிலேயத் துரைமாருக்கு நகரத்துக்குள் ஒரு மாளிகை இருந்தால் போதாது. ஊருக்கு வெளியே புல்வெளியும் மரநிழலும் சூழ இன்னொன்றும் வேண்டும். தங்கள் நாட்டுப் பிரபுக்களின் தோட்ட மாளிகைகளை எந்தச் சீமைக்குப் போனாலும் அவர்களால் மறக்க முடியவில்லை. சென்னையில் கிண்டி அப்படி வந்தது. செகந்திராபாத்தில் வந்தது பொலாரம் ரெசிடென்சி, இன்றைய ராஷ்டிரபதி நிலையம்.

அதற்கு மூத்தது ஐதராபாத் கோட்டியில் உள்ள ரெசிடென்சி. நிஜாமின் அவையில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக, அதாவது ரெசிடென்டாக, இருந்த ஜேம்ஸ் அக்கிலிஸ் கிர்க்பாட்ரிக் எழுப்பியது. வரைந்தவர் சென்னைப் படையின் பொறியாளர் சாமுவேல் ரஸ்ஸல். அந்த நிலத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. கிர்க்பாட்ரிக் பெரிய தாளில் வரைபடம் அனுப்பினாராம். ஒரு ராஜ்யத்தையே கேட்கிறார் போலும் என்று நிஜாம் மறுத்துவிட்டாராம். அதே படத்தைச் சின்ன அட்டையில் வரைந்து அனுப்பியதும் இசைந்தாராம். தோட்டத்தின் மீதும் கிர்க்பாட்ரிக்குக்குத் தீராத ஆசை. பம்பாயிலிருந்து மாங்கன்றுகளை வரவழைத்தவர் அவர்.

1857 ஜூலை 17 அன்று துர்ரேபாஸ் கானும் மௌல்வி அலாவுதீனும் திரட்டிய கிளர்ச்சிக் கூட்டம் அந்த மாளிகையைத் தாக்கியது. மூன்றே ஆண்டில், 1860இல், 15 கிலோமீட்டருக்கும் அப்பால், பட்டாளங்களின் நடுவே பொலாரத்தில் புது மாளிகை எழுந்தது. இதைக் காற்று வாங்கும் ஆசை என்று மட்டும் நான் கருதவில்லை. ஆனால் பொலாரமும் அப்படியொன்றும் அமைதியான இடமல்ல: 1855இல் முகரம் நாளில் மூண்ட தகராறில், ஐதராபாத் படையின் பிரிகேடியர் காலின் மெக்கன்சி தம் சிப்பாய்களாலேயே வெட்டுண்டு படுகாயமடைந்தது இங்கேதான்.

மாளிகையைக் கட்டியவர் நிஜாம் நாசிர் உத் தௌலா என்று பலரும் எழுதுகிறார்கள். அவர் 1857இலேயே மறைந்துவிட்டார்; 1860இல் அரியணையில் இருந்தவர் அவர் மகன் அஃப்சல் உத் தௌலா.

கட்டடம் ஒரே தளம், 11 அறைகள், ஆடம்பரம் குறைவு. சமையற்கட்டு தனியே நிற்கிறது. அங்கிருந்து உணவுக்கூடத்துக்குத் தரைக்கடியில் ஒரு சுரங்கவழி. புகையும் தாளிதத்தின் நெடியும் விருந்தினரை எட்டக்கூடாது, தட்டேந்தி வருபவர் புல்வெளியில் தென்படவும் கூடாது. இங்கிலாந்துப் பெருமாளிகைகளில் வேலையாட்களுக்கென்று மறைவழி வைக்கும் பழக்கமே இங்கும் வந்து சேர்ந்தது. இன்று அந்தச் சுரங்கச் சுவர்களில் தெலங்கானாவின் சேரியால் ஓவியங்கள்.

சுமார் 90 ஏக்கர் வளாகத்தில் தோட்டம்தான் சரித்திரத்தை நன்றாகச் சொல்கிறது. புல்தரை துரைமாரின் ஆசை. மா, சப்போட்டா, மாதுளை, நெல்லித் தோப்புகள் தக்காணத்து மண்ணின் சம்மதம். ஐதராபாத் இந்தியாவுடன் இணைந்தபின் மாளிகை குடியரசுத் தலைவர் வசமாயிற்று. தெற்கே வந்து தங்கும் நாட்களுக்கு இது அவர் இல்லம். அதன்பின் தோட்டமும் மொழி மாற்றிக்கொண்டது. 2009இல் 116 வகைச் செடிகளோடு மூலிகைத் தோட்டம் வந்தது. பிறகு 27 நட்சத்திரங்களுக்கும் மரங்கள் நட்ட நட்சத்திர வனம்: அசுவினிக்கு எட்டி, பரணிக்கு நெல்லி என்று நம் கோயில் நந்தவனங்கள் அறிந்த அதே கணக்கு. வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்துத் தோட்டங்களில் பெயர்பெற்ற செடிவேலிப் புதிர்ப்பாதை துரைமார் போன பிறகுதான், 2023இல், இங்கே வந்தது! இணைப்பை நினைவூட்டும் 120 அடி தேக்குக் கொடிமரத்தின் மாதிரியும் அதே ஆண்டில் நின்றது.

இத்தனைக்கும் அடிப்படை தண்ணீர். இங்கிலாந்தில் ஆண்டு முழுக்கத் தூறல் விழும். புல்வெளிக்கு வேறு ஏற்பாடு வேண்டாம். பொலாரத்தில் கருங்கல் பூமி, நாலு மாத மழை. ஆங்கிலப் பாணித் தோட்டத்தையும் உள்ளூர்ப் படிக்கிணறுகள்தான் காப்பாற்றின. தூர்ந்து கிடந்த அவற்றை 2023இல் சீர்செய்தார்கள். அந்த வளாகத்தில் எனக்குப் பிடித்தவை அவைதான். தர்பார் கூடம் இரண்டாம் பட்சம்.

சென்னைப் படைப்பிரிவுகளோடு வந்து செகந்திராபாத் கண்டோன்மென்ட்டில் குடியமர்ந்த தமிழர்களின் வழிவந்தோர் இங்கே பலர். அவர்களுக்கு நெடுங்காலம் வெளிமதிலாக மட்டுமே தெரிந்த இடம் இது. 2023 மார்ச் முதல், குடியரசுத் தலைவர் வந்து தங்கும் நாட்கள் தவிர, ஆண்டு முழுவதும் பொதுமக்கள் போகலாம். பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். முதலில் கிணற்றைக் காட்டுங்கள். திங்கட்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் வேண்டாம், அன்று மூடியிருக்கும்.